இரண்டு ஊசியும் ஒரு நாற்காலியும்

எங்கள் காயல்பட்டினத்தில் பெண்கள் தொழுவதற்கென்று தனியாகத் தைக்காக்கள் உண்டு. நாங்கள் போகிற தைக்காவில் கோடு போட்ட நீளப் பாய் விரித்திருக்கும். கோட்டில் குதிகாலை வைத்து, தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். நின்று ஓதி, குனிந்து, நிமிர்ந்து, பிறகு முட்டியை மடக்கி நெற்றியைத் தரையில் வைப்பது சஜ்தா. விவரம் தெரிந்த நாளிலிருந்து செய்து வந்த காரியம். அந்த வரிசையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதிலும் அப்படித்தான், இந்த வயதிலும் அப்படித்தான்.

ஒருநாள் சாயங்காலத்து அஸர் தொழுகையில் சஜ்தாவுக்குப் போனவளால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னால் நின்று தொழவைக்கிற பெண் எழுந்துவிட்டாள். வரிசை முழுவதும் எழுந்துவிட்டது. நான் மட்டும் கையையும் முட்டியையும் ஊன்றிக்கொண்டு கீழே கிடந்தேன். வலது முட்டிக்குள் கல்லும் கல்லும் உரசுகிற மாதிரி ஒரு வலி. தொழுகை முடிந்ததும் இரண்டு பெண்பிள்ளைகள் என் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள். தைக்காவைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் நல்ல மனசுக்காரி. மறுநாளே வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வரிசையின் ஓரத்தில் போட்டு, "லாத்தா, இனி நீங்க இதுல இருந்து தொழுங்க" என்றாள்.

எனக்கு அந்த நாற்காலியைப் போல வெறுப்பான பொருள் வேறு ஒன்று இருந்ததில்லை. எல்லோரும் சஜ்தாவுக்குப் போகும்போது எல்லாத் தலையும் தரையில் இருக்கும். என் தலை மட்டும் மேலே. அத்தனை முதுகுகளையும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு, பரீட்சை நடத்துகிற டீச்சர் போல உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் நாற்காலியைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். பிறகு போவதையே நிறுத்திவிட்டு வீட்டில் தொழுதேன். நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நோன்பு மாதத்தில் தைக்காவுக்குப் போகாமல் வீட்டில் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நோன்புக்கு முன்னால் எப்படியாவது தரைக்கு வந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஊரில் உள்ள டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். மூட்டுத் தேய்மானம் என்றார். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துகிற பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். உடம்பு எடையைக் குறைக்கச் சொன்னார். ரொம்பவும் முடியாமல் போனால் மூட்டு மாற்றும் ஆபரேஷன் என்றார். "சொந்த ரத்தத்துல ஊசி போடுதாங்களாமே" என்று மகள் கேட்டதற்கு, "சிலருக்குக் கொஞ்ச நாள் வலி குறையும், சிலருக்கு ஒண்ணும் கேக்காது. ஆனா தேஞ்சது திரும்ப வளரும், தரையில மடங்கி உக்காருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

உள்ளதைச் சொன்னார். உள்ளதைச் சொன்னதால் அவரை விட்டுவிட்டு, வளரும் என்று சொன்ன இடத்துக்குப் போனோம்.

அந்த இடத்தைக் கண்டுபிடித்தது என் மகன். எங்கள் ஊர் வழக்கப்படி அவன் கல்யாணமானதும் பெண் வீட்டுக்குப் போய்விட்டான்; மகள்தான் என்னோடு இருக்கிறாள். அவன் துபாயில் வேலை. உம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை என்கிற குறை அவனுக்கு எப்போதும் உண்டு. அந்தக் குறையைப் போனில் தீர்ப்பான்.

"உம்மா, ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. உங்க ரத்தத்தையே எடுத்து உங்களுக்கே போடுதாங்க. ஜவ்வு திரும்ப முளைச்சிரும்."

"முளைக்க அது என்ன கீரையா?" என்றாள் மகள் பக்கத்திலிருந்து.

"நீ சும்மா இரி. நான் வீடியோ எல்லாம் பாத்துட்டுத்தான் பேசுதேன். அங்கன உள்ள மேடத்துக்கிட்டயும் பேசியாச்சு. மூணு தடவை போணும். நீங்க போய்ப் படுத்தா போதும் உம்மா, ஒண்ணும் பேச வேண்டாம்."

ஒன்றும் பேச வேண்டாம் என்றது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. வெளியிடத்தில் எதையாவது கேட்க வேண்டுமானால் நான் மகளின் காதில் சொல்வேன், அவள் சத்தமாகக் கேட்பாள். அப்படித்தான் எங்கள் பழக்கம்.

ஆழ்வார்திருநகரி வழியாகக் காரில் போனோம். வழியெல்லாம் வாழைத்தோட்டம். மகள் சன்னலைத் திறந்து வைத்திருந்தாள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மல்லிகைப்பூ மணக்கிற ஏதோ ஒன்றை அடித்து வைத்திருந்தார்கள். அதற்கு அடியில் ஸ்பிரிட் நெடி. இரண்டும் சேர்ந்து, பூ வைத்த மையித்து வீடு, சாவு வீடு போல இருந்தது. சுவரில் பெரிய டிவி. அதில் வரிசையாகக் கிழவிகள். இந்தப் பக்கம் ஒரு கிழவி தாங்கித் தாங்கி நடக்கிறாள். அந்தப் பக்கம் அதே கிழவி படியேறுகிறாள். சேலையை முட்டிக்கு மேலே தூக்கிக் காட்டியபடி ஒருத்தி சிரிக்கிறாள். இவர்களுக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்களே, இப்படி நிற்க வெட்கமாக இருக்காதா என்று நினைத்தேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மகன் சொன்ன மேடம் என்பவள் சின்னப் பெண். மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த முட்டி எலும்பு ஒன்று இருந்தது. அதைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பேசினாள். இன்னொரு கையில் கிரீம் பிஸ்கட். தூள் அந்த எலும்புக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, இங்கன பாருங்க. இதான் உங்க ஜவ்வு. தேஞ்சு போச்சு. நம்ம மருந்து உள்ள போய் உக்காந்துச்சுன்னா புதுசாக் கட்டிக்கும்."

நான் மகளின் காதில் சொன்னேன். மகள் கேட்டாள்: "தொழும்போது முட்டி போட முடியுமா?"

"முட்டி என்னக்கா, மாடிப்படியே ஏறுவாங்க."

"எங்க வீட்டுல மாடி இல்ல. தரையில தொழணும். அதான் கேக்குதேன்."

"தாராளமா உக்காருவாங்க. உங்க நோன்புக்குள்ள அம்மா ஜம்முன்னு தரையில உக்காருவாங்க, நான் கேரண்டி."

எங்கள் நோன்பு எப்போது வருகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை. மகன்தான் போனில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எது வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு அதையே எடுத்து நீட்டினாள்.

உள்ளே கட்டிலில் படுக்க வைத்தார்கள். கையில் நரம்பு கிடைக்காமல் அங்கும் இங்கும் குத்தினார்கள். கண்ணாடிக் குழாய்களில் என் ரத்தத்தைப் பிடித்து ஒரு தாங்கியில் வைத்தார்கள். தாங்கிக்குப் பக்கத்தில் யாரோ குடித்து மிச்சம் வைத்த டீ, ஏடு படிந்து கிடந்தது. எங்களுக்கு உடுப்பில் ஒரு சொட்டு ரத்தம் பட்டால் அது நஜீஸ், அசுத்தம். கழுவாமல் தொழ மாட்டோம். அந்த ரத்தத்தை மிக்சி போலச் சத்தம் போடுகிற ஒரு இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினார்கள். வெளியே எடுத்தபோது கீழே சிவப்பும் மேலே மஞ்சளுமாகப் பிரிந்திருந்தது.

"பாருங்கம்மா, தங்கம் மாதிரி இருக்கு" என்று அந்தப் பெண் என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். எனக்குத் தீக்காயக் கொப்புளம் உடைந்து வடிகிற நீர்தான் ஞாபகம் வந்தது. சொந்த ரத்தம், சொந்த உடம்பு, மருந்துக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு உடுப்பைத் தூக்கச் சொன்னார்கள். மவுத்தாகி அடக்கமாகிப் போன என் வீட்டுக்காரர்கூட வெளிச்சத்தில் பார்த்திராத முட்டி அது. டாக்டர், நர்ஸ், அந்தப் பெண், மருந்து எடுத்துக் கொடுக்கிறவர் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். டாக்டர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, சாயங்காலம் பந்து விளையாடப் போவதைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டே கட்டைவிரலால் முட்டியை அழுத்தி இடம் பார்த்தார். அவர் பேச்சில் ஒரு சிரிப்பு வந்தபோது ஊசி உள்ளே போனது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கலிமா ஓதினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு முட்டி வீங்கிவிட்டது. காய்ச்சல் வந்தது. வலி மாத்திரை போட்டால் மருந்து வேலை செய்யாது என்று சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"உம்மா, உங்க முட்டி பனங்காய் கணக்கா இருக்கு" என்று மகள் பயந்துபோய் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"வலிச்சா நல்லதுக்கா. உள்ள வேலை நடக்குன்னு அர்த்தம்" என்றாள் அவள்.

"வலி கொறைஞ்சா?"

"அதுவும் நல்லதுதான்க்கா."

மகள் போனை வைத்துவிட்டு, "இவளுக்கு எது நடந்தாலும் நல்லதுதான்" என்றாள். அத்தனை வலியிலும் சிரித்துவிட்டேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு கொஞ்ச நாள் லேசாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. யாரும் இல்லாத நேரத்தில் கட்டில்மேல் முட்டி போட்டுப் பார்த்தேன். மெத்தை என்பதால் தாங்க முடிந்தது. நெற்றி தலையணையில் பட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெற்றியில் ஏதோ ஒன்று பட்டது. அப்படியே கிடந்து அழுதேன். பிறகு ஆசைப்பட்டுத் தரையில் முயன்றேன். முட்டி பாதியில் நின்றுவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பைய எழுந்தேன். மகளிடம் சொல்லவில்லை. மூன்றாவது ஊசி போட்டால் தரைக்கு வந்துவிடலாம் என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன். நோன்புக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

மூன்றாவது தடவை போனபோது மகள் காரோட்டி வந்தவரிடம் பேசிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண் என்னை வழியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்படியே இந்தக் கோடி வரைக்கும் நடந்து வாங்க. டாக்டர் பாக்கணுமாம்."

கையில் போன் வைத்திருந்தாள். எல்லோரும்தான் கையில் போன் வைத்திருக்கிறார்கள். நான் நடந்தேன்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"நல்லா நடக்க முடியுதா?"

"அல்ஹம்துலில்லாஹ். நல்லாருக்கேன்."

எங்களில் யாரும் இதற்கு வேறு பதில் சொல்ல மாட்டார்கள். காய்ச்சலில் கிடக்கிறவளைக் கேளுங்கள், நேற்று மகனை அடக்கம் செய்துவிட்டு வந்தவளைக் கேளுங்கள், எப்படி இருக்கிறாய் என்றால் எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்றுதான் முதலில் வாயில் வரும். உம்மா சொல்லிக் கொடுத்த பழக்கம். அதன் பிறகு கேட்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் உள்ளதைச் சொல்வோம். அந்தப் பெண் பக்கத்தில் உட்காரவில்லை. அதோடு போதும் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மகள் வந்ததும் உள்ளே கூட்டிப் போனார்கள். கட்டிலில் படுத்தேன். கையை நீட்டினேன். யாரும் ரத்தம் எடுக்க வரவில்லை. மூலையில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ். அதைத் திறந்தார்கள். தயிர்ப் பாக்கெட்டும் யாருடையதோ சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து சின்ன உறை ஒன்றை எடுத்தார்கள்.

நான் மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். மகள் கேட்டாள்: "இன்னைக்கு உம்மாக்கு ரத்தம் எடுக்கலையா?"

"இன்னைக்கு அம்மாக்கு இன்னும் ஒசத்தியான மருந்துக்கா. ஸ்டெம் செல். துபாய் அண்ணன் சொல்லலையா?"

"அது எதுலருந்து எடுக்குறது?"

"தொப்புள்கொடிக்கா. பொறந்த பாப்பாவோட தொப்புள்கொடிக்குள்ள ஜெல்லி மாதிரி இருக்கும்லா, அதுலருந்து. சின்னப் பிள்ளையோடதுங்கதால ரொம்ப பவர்."

சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவள் போல நாக்கைச் சப்புக் கொட்டிச் சொன்னாள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

என் மகள் பிள்ளை பெற்றபோது நஞ்சுக்கொடியை வீட்டுக்குக் கொண்டுவந்து புதைத்தது நான்தான். மண் கலயத்தில் வைத்து, மூடி, கொல்லையில் நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டச் சொல்லி, என் கையால் இறக்கி வைத்தேன். தொப்புள் காய்ந்து விழுந்ததையும் அங்கேயே புதைத்தேன். அது ஒரு மனுச உடம்பில் பாதி. எங்களுக்கு மட்டும் இல்லை, அடுத்த தெருவில் உள்ள இந்து வீடுகளிலும் அதைத் தூக்கி எறிந்ததாக நான் கேட்டதில்லை. அதை உறையில் போட்டுத் தயிருக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

இதுவரை வெளியிடத்தில் நானாக வாயைத் திறந்ததில்லை. அன்றைக்கு மகளின் காதைத் தேடாமல் நேராகக் கேட்டேன்.

"இது யார் வீட்டுப் பிள்ளையோடது?"

அந்தப் பெண்ணுக்கு நான் பேசுவேன் என்பதே புதிதாக இருந்திருக்கும். "அது எப்படிம்மா தெரியும்? கம்பெனியிலருந்து வருது."

"பெத்தவகிட்டக் கேட்டியளா?"

"அவங்ககிட்ட எதுக்கும்மா? அவங்களுக்கு அது வேஸ்ட்டுதானே."

டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பெரியம்மா, பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார். வலிக்குப் பயந்து கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

அந்தப் பெண் உடனே மகனுக்குப் போன் போட்டுச் சத்தமாக வைத்தாள். இத்தனை ஆட்களுக்கு முன்னால், உடுப்பு முட்டிக்கு மேலே கிடக்க, என் மகனின் குரல் அந்த அறையில் கேட்டது.

"உம்மா, போட்டுக்கோங்க. நல்லது உம்மா. உங்களுக்காகத்தானே இவ்வளவும்."

"வாப்பா, இது என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்று மகனைக் கேட்டேன்.

"தெரியும். சொன்னா நீங்க சம்மதிக்க மாட்டிய. அதான் சொல்லல."

அண்ணன்மேல் மகளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "காக்கா, அங்கன ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு உம்மா முட்டிக்குள்ள என்ன போணும்னு நீ முடிவு பண்ணுவியா? நீ வந்து படு, உனக்குப் போடச் சொல்லுதேன்" என்று சொல்லிப் போனைப் பிடுங்கி அணைத்தாள்.

நான் உடுப்பை இழுத்து விட்டுக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினேன். யாரும் கை கொடுக்கவில்லை. முட்டி கல் உரசுவது போல உரசியது. வாசலுக்கு வரும் வழியில் டிவியில் அந்தக் கிழவி இன்னும் படியேறிக்கொண்டிருந்தாள்.

ஆழ்வார்திருநகரி தாண்டியதும் காரை நிறுத்தச் சொல்லி, வாழைத்தோட்டத்து ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். மகள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சவத்த விடுங்க உம்மா. உள்ள விடலைல்லா. தப்பிச்சோம்."

"இன்னைக்கு விடல. முன்ன ரெண்டு தடவை விட்டது?"

"அது உங்க ரத்தம். நாமதான் பாத்தோமே."

"மஞ்சளா ஒண்ணு காட்டுனாங்க. ஊசியில ஏத்துனதும் அதுதானான்னு நீ பாத்தியா? நான் சுவரைப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன்."

மகள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். உள்ளே போனது எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் பெரிய அருவருப்பு. வாயில் போனதை வாந்தி எடுக்கலாம். கையில் பட்டதைக் கழுவலாம். முட்டிக்குள் போனதை என்ன செய்ய? தொழுகைக்கு முன்னால் ஒளு செய்யும்போது பாதத்தைக் கழுவுகிறேன், முட்டி வரைக்கும் கை தானாகப் போகிறது. தேய்த்துத் தேய்த்துத் தோல் கறுத்துவிட்டது. மகள் பார்த்தால் திட்டுவாள்.

லேசாக இருந்த கொஞ்ச நாளும் போய்விட்டது. வலி பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டரம்மாவிடம் திரும்பப் போனேன். அவர் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. துண்டைச் சுருட்டி அழுத்துகிற பயிற்சியை விடாமல் செய்யச் சொன்னார். செய்கிறேன். கடைத்தெரு வரை நடக்க முடிகிறது. தரைக்கு வர முடியவில்லை.

நோன்பு பிறந்தது. பிறந்த வாரத்திலேயே மருமகள் மகளுக்கு ஒரு வீடியோவை அனுப்பினாள். மகள் பார்த்துவிட்டு என்னிடம் காட்டலாமா வேண்டாமா என்று வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். கடைசியில் காட்டினாள்.

நான் நடந்து வருகிறேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறேன். "அல்ஹம்துலில்லாஹ். நல்லாருக்கேன்" என்கிறேன். அதற்குப் பின்னால் வெற்றிப் பாட்டு போல இசை. நடுவில் கட்டிலில் கிடக்கிற என் முட்டி, தோல் சுருங்கி, நரம்பு தெரிய. அதை எப்போது எடுத்தார்கள் என்றே தெரியவில்லை. அடியில், மூன்று ஊசியில் மூட்டு வலி போச்சு என்று எழுதியிருந்தது.

எங்கள் ஊரில் வீடுகளுக்கு நடுவே முடுக்குகள் உண்டு. ஆம்பிளைகள் நடக்கிற தெருவுக்கு வராமல் பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கும் தைக்காவுக்கும் போக விட்ட சந்துகள். நான் வாழ்நாளெல்லாம் முடுக்கில் நடந்தவள். யாராவது எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்குகிறவள். என் முட்டி இப்போது எந்தெந்த ஊரில், யார் யார் கையில் இருக்கிறதோ. டீக்கடையில் உட்கார்ந்து எவனோ டீயை உறிஞ்சிக்கொண்டு அதைத் தள்ளிவிட்டுப் போவான்.

மகள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சண்டை போட்டாள். "எடுத்துருதோம்க்கா. ஆனா அம்மாவே அவங்க வாயால சொன்னதுதானே" என்றாள் அந்தப் பெண். எடுக்கவில்லை. மகனும் பேசினான். அவனிடமும் எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். அவன் என்னிடம் போனில் அழுதான். "நோன்பு திறந்தியா வாப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

அதற்குப் பிறகு தைக்காவுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மகள் விடவில்லை. "நீங்க என்ன திருடுனியளா? வாங்க" என்று முடுக்கு வழியாகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அஸர் நேரம். வெள்ளை நாற்காலி நான் விட்ட இடத்திலேயே தூணுக்குப் பின்னால் இருந்தது. போய் உட்கார்ந்து தலையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.

என் வயதுக்காரி ஒருத்தி உண்டு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தொழுகை வரிசையில் எனக்கு வலப்பக்கம் நிற்கிறவள். அவளுக்கும் இப்போது முட்டி தேய்ந்துவிட்டதாம். வாசல் பக்கம் அவளுக்கும் ஒரு நாற்காலி வந்திருந்தது. அவளுடைய மகள் என்னைத் தேடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் வந்தாள். கையில் போன்.

"மாமி, இது நீங்கதானே? நம்மூர் ஆளே சொல்லுதாங்கன்னதும் எங்க உம்மாக்கு ஒரே நம்பிக்கை. நாளைக்குப் போறோம். வண்டிகூடச் சொல்லியாச்சு. எந்த டாக்டர்னு சொல்லுங்க மாமி, அவர்ட்டயே காட்டுதோம்."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன். மகள் வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். அவள் சொன்னால் மகள் சொன்னதாகப் போகும். வீடியோவில் பேசினது நான்.

"போகாதிய" என்றேன்.

என் சிநேகிதி வாசல் பக்கமிருந்தே கேட்டாள். அவளுக்கு எப்போதும் சத்தமான குரல். "என்ன, போகாதியவா? ஏளா, நீதானே அதுல நல்லாருக்கேன்னு பேசுத? அல்ஹம்துலில்லாஹ்னு வேற சொல்லுத. அல்லாவ வச்சிக்கிட்டுப் பொய்யா சொன்ன?"

"பொய் சொல்லல."

"பின்ன?"

"அது அல்லாவுக்குச் சொன்னது. அவங்களுக்குச் சொன்னதில்ல."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். என் சிநேகிதி சிரிக்கவில்லை. "சும்மா மழுப்பாத. உன் முட்டி எப்படி இருக்கு, அதச் சொல்லு" என்றாள்.

பாங்கு முடிந்து வரிசை நிற்க ஆரம்பித்திருந்தது. எழுந்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூணுக்குப் பின்னாலிருந்து இழுத்தேன். சிமெண்டுத் தரையில் அது கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. தைக்கா முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு நேரே, வரிசையின் ஓரத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"இந்தா இப்படி இருக்கு" என்றேன். "ரெண்டு ஊசி போட்டாங்க. மூணாவதா என்ன போட வந்தாங்கன்னு தொழுதுட்டுச் சொல்லுதேன். நோன்பு வச்ச வயித்தோட கேக்க முடியுமான்னு பாத்துக்கோ."

அவள் என்னையும் நாற்காலியையும் பார்த்தாள். தன் மகளைக் கூப்பிட்டு, "வண்டிக்காரன்ட்ட நாளைக்கு வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

"உம்மா, அங்கன வேற நல்ல டாக்டர்ட்ட காட்டலாம்..."

"சொல்லுன்னா சொல்லு. இவ இத்தனை பேருக்கு முன்னால வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல."

தொழுகை ஆரம்பித்தது. சஜ்தா வந்தபோது எல்லாத் தலையும் தரைக்குப் போயின. அந்த மூலையில் அவள், இந்த மூலையில் நான், இரண்டு கிழவிகள் நாற்காலியில் இருந்தபடி காற்றில் தலையைத் தாழ்த்தினோம். என் நெற்றியில் ஒன்றும் படவில்லை. அதுதான் எனக்கு இனி என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. எப்படி இருக்கிறிய என்று யாராவது கேட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் சொல்வதற்கு முன்னால் அவர்கள் கையைப் பார்க்கிறேன்.